சிதைவு என்னும் சொல்

 

பொறிகளுக்கும் ஊர்திகளுக்கும் தமிழ்ப்பெயர் காணும் பணி நன்றே நடைபெறுகின்றது. அம்பத்தூர்த் தொழிற்பேட்டையில் வழங்கும் கருவிகளுக்கெல்லாம் பெயர் தேடுவார் உளர். ஆயின், அதே ஊர்த் தெருக்களில் கதவடைத்து மறைக்கப்பெறும் நோயொன்றின் பெயரை எண்ணிப் பார்த்தவர் எத்துணைப் பேர்?

பேசுவாரின்றியே குரல் கேட்கும். யாரோ பின்தொடர்வதாக அச்சம் எழும். உறவும் உணவும் கசக்கும். இதனை 'மனச்சிதைவு' என்கின்றனர். இந்நோய்க்கெனவே மருத்துவர் சாரதா மேனன் 1984-இல் சென்னையில் ஓர் ஆய்வு நிறுவனம் கண்டார். 'இசுகார்ப்பு' எனச் சுருங்க வழங்கும் அஃது அண்ணாநகர் மேற்கு விரிவில் உள்ளது. அதன் உறைவிட மறுவாழ்வு இல்லம் திருவேற்காட்டில் அமைந்தது.

மருத்துவர் தாராவும் உடனாய்வாளரும் 1980-களின் தொடக்கத்தில், முதன்முறை இந்நோயுற்ற 90 பேரைத் தேர்ந்து ஆண்டுக்கணக்காகப் பின்தொடர்ந்தனர். பத்தாண்டு சென்றபின் அவருட் பெரும்பாலோர் நோய்க்குறி தணிந்து நன்னிலையில் இருந்தனர். சிதைந்த படிமத்தை மீண்டும் வழிபடுவார் இலர். இவர்களோ மீண்டனர்! அவ்வாறாயின் பொய்யுரைப்பது நோயா, பெயரா?

இன்னொன்று கேளுங்கள். அமெரிக்க மாந்தவியலறிஞர் தான்யா இலூர்மன், கலிபோர்னியா, கானாவின் அக்ரா, சென்னை ஆகிய மூவிடத்தும் இடத்திற்கு 20 பேரைக் கண்டு, அவர்கள் கேட்கும் குரல்களைப் பற்றி வினவினார். அமெரிக்கர் பலர் கேட்டவை கொல், வதை என்னும் வன்குரல்கள். சென்னையில் 11 பேர் கேட்டவை உற்றார் உறவினர் குரல்கள். இன்ன வேலையைச் செய் என ஏவும் குரல்கள்! எல்லாம் இனியவை அல்ல, இழித்துரைப்பனவும் உண்டு. ஆயினும் நோயுற்ற உள்ளத்திலும் குடும்பம் குடியிருக்கின்றது. அமெரிக்கர் தம் நோய்ப்பெயரைக் கூசாது கூறினர். சென்னையில் அவ்வாறு கூறினோர் அரியர். கூறத்தக்க பெயரையா இங்கு அவர்க்கு அளித்துள்ளனர்?

சப்பானியர் இந்நோயை 'உள்ளப்பிளவு நோய்' என்றே நெடுங்காலம் வழங்கினர். 2002-இல் 'ஒருங்கிணைவுக் குறைபாடு' எனப் பொருள்படும் பெயரை இட்டனர். மாற்றத்திற்கு முன் நோய்ப்பெயர் அறிவிக்கப்பெற்ற நோயாளர் நூற்றுக்கு ஏறத்தாழ 37 பேர். ஈராண்டில் அது 70-ஐ எட்டியது. பெயர் மருந்தாகாது, மருந்தும் உறவும் தொடர்ந்து வேண்டும். ஆனால் மருத்துவர் வாய்திறக்க அஞ்சிய சொல் அகன்றது; நோயாளர் தம் நோயை அறிந்தார். கொரியர் 2011-இல் நரம்பிசைக் கருவியைச் சுதிகூட்டுவதனின்று புதுப்பெயர் படைத்தனர். நரம்பு தளர்ந்த யாழை உடைந்த யாழ் என்பாரோ? முறுக்கினால் இசைக்கும்.

இங்கு நடந்தது யாது? 'பைத்தியம்' வடசொல் என்று விலக்கினர். அவ்விடத்தில் 'பித்தர்' என்று எழுதினர். கல் அதே கல். எறிவோர் மட்டும் தூய தமிழில் எறிவதாகக் கருதுகின்றனர். மாற்றுக் கட்சியாரை மேடையில் அப்பெயரால் ஏசுங்கால், கூட்டத்தின் கடைசி வரிசையில் அந்நோயுற்ற மகனின் தாய் அமர்ந்திருக்கக்கூடும் என்பதை யார் நினைத்தார்?

புதுச்சொல் வேண்டும். அதனை ஆக்கும் அவையில் புலவரும் மருத்துவரும் மட்டும் இருத்தல் போதாது. சப்பானில் பெயரை மாற்றுக என்று 1993-இல் முதற்கண் முறையிட்டவர் நோயாளரின் குடும்பத்தாரே.