சிறையிலிருந்தாலும் தாய் தாய்தான்



கர்ப்பகாலக் கவனிப்பைப் பற்றி நிறையப் பேசியிருக்கிறோம். இன்றைக்கு யாரும் வாய்விட்டுக் கேட்காத ஒரு விஷயத்தைச் சொல்லப் போகிறேன். வயிற்றிலே பிள்ளையோடு ஒரு பெண் சிறைக்குப் போக நேர்ந்தால் என்ன செய்வது?

"நமக்கெதுக்கய்யா அந்தப் பேச்சு?" என்பீர்கள். வரப்புத் தகராறு, சாராயக் கேஸ், வரதட்சணை வழக்கு என்று நம் வீட்டுப் பெண்களும் மாட்டிக்கொள்வது உண்டு. ஜாமீன் எடுக்க ஆளில்லாமல், தீர்ப்பு வருமுன்பே உள்ளே இருக்கிறவர்களும் உண்டு. அவள் குற்றவாளியா இல்லையா என்பதைக் கோர்ட்டு பார்த்துக்கொள்ளட்டும். வயிற்றில் இருக்கிற பிள்ளை என்ன குற்றம் செய்தது?

2006 ஏப்ரலில் ஆர்.டி. உபாத்யாய் வழக்கில் சுப்ரீம் கோர்ட்டு இதற்கு விதிகள் வகுத்துத் தந்தது. கர்ப்பிணிக்குப் பிரசவத்துக்கு முன்னும் பின்னும் உரிய கவனிப்பு கொடுக்க வேண்டும். இயன்றவரை பிரசவம் சிறைக்கு வெளியே உள்ள ஆஸ்பத்திரியில்தான் நடக்க வேண்டும். பிறப்புப் பதிவில் பிறந்த இடம் 'சிறை' என்று எழுதக்கூடாது; அந்தப் பகுதியின் விலாசம் மட்டுமே இருக்க வேண்டும். பெயர் சூட்டும் சடங்குக்கும் வசதி செய்து தர வேண்டும். வலி எடுத்த பெண்ணுக்கு விலங்கு போடக்கூடாது என்று 2010-இல் ஐக்கிய நாடுகள் சபையும் விதி வகுத்தது.

சரி, குடும்பத்தார் செய்ய வேண்டியது என்ன?

1. மறைக்காதீர்கள். நாள் தள்ளிப்போயிருந்தால்கூட போலீசிடமும், மாஜிஸ்திரேட்டிடமும், சிறை டாக்டரிடமும் சொல்லிவிட வேண்டும். வெட்கப்பட்டு மூன்று மாதம் சும்மா இருந்தால் இரத்தசோகை யாருக்கும் தெரியாமல் முற்றிவிடும்.

2. கர்ப்பிணி அட்டை, பிக்மி எண், ஸ்கேன் ரிப்போர்ட் இவற்றின் நகல்களைச் சிறை டாக்டரிடம் சேருங்கள். முந்தைய பிரசவம் ஆபரேஷன் என்றால் கட்டாயம் சொல்லுங்கள்.

3. வக்கீலுக்குப் பணமில்லையா? 1987-ஆம் வருடச் சட்டப்படி பெண்களுக்கும் காவலில் உள்ளவர்களுக்கும் வருமானம் பார்க்காமல் இலவசச் சட்ட உதவி உண்டு. மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவிடம் போங்கள். 15100-க்குப் போன் செய்தாலும் போதும். கர்ப்பத்தைக் காரணம் காட்டி ஜாமீன் கேட்கலாம்.

4. போய்ப் பாருங்கள். போகும்போது கேளுங்கள்: "நாலு தடவையாவது செக்கப் ஆச்சா? ஊசி போட்டாங்களா? இரும்புச்சத்து மாத்திரை 180 நாளும் சாப்பிடுறியா? பிள்ளை நல்லா அசையுதா?" தலைவலியோடு கண் மங்குவது, முகம் கை வீங்குவது, உதிரம் படுவது, தண்ணீர்க்குடம் உடைவது, வலிப்பு, காய்ச்சல், பிள்ளை அசைவு குறைவது — இதில் எது ஒன்று இருந்தாலும் காவலரிடம் உடனே சொல்லும்படி தைரியம் கொடுங்கள்.

பிறந்த பிள்ளைக்குத் தாய்ப்பாலே முதல் மருந்து. ஆறு மாதம் வரை வேறெதுவும், தண்ணீர்கூட, வேண்டாம். தடுப்பூசி சிறையிலும் தவறக்கூடாது. பிள்ளை 6 வயது வரை தாயோடு இருக்கலாம். அது கைதி அல்ல. சாப்பாடு, துணி, வைத்தியம், படிப்பு எல்லாம் அதன் உரிமை. 6 வயது முடிந்தால் தாய் விரும்புகிற உறவினரிடம் ஒப்படைப்பார்கள். அப்படி யாரும் இல்லையென்றால் விடுதிதான்.

கணவன்மார்களே, இங்கேதான் உங்களிடம் ஒரு வார்த்தை. ஆம்பளை உள்ளே போனால், பெண்சாதி சோத்துப் பொட்டலத்தோடு வாசலில் நிற்கிறாள். பெண் உள்ளே போனால், "எங்களுக்கும் அவளுக்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை" என்று கதவைச் சாத்திவிடுகிறோம். இது நியாயமா? மாமியார்மார்களே, நீங்களும் யோசியுங்கள். அந்தப் பிள்ளை உங்கள் வீட்டு வாரிசு. 'ஜெயிலில் பிறந்தது' என்று சர்க்கார் காகிதத்தில் எழுதக்கூடாது என்று கோர்ட்டே சொல்லியிருக்க, நம்ம தெருவில் அப்படிக் கூப்பிடலாமா?

உங்கள் ஊரில் இப்படி ஒரு குடும்பம் இருந்தால், கிராம சுகாதாரச் செவிலியரிடம் சொல்லுங்கள். தாயும் சேயும் நலமாக வீடு திரும்பட்டும்.