ஒரு பைசா இதழும் ஒரு ஸ்கேன் கோப்பும்
(கொரட்டூர் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



1907இல் பண்டிதர் அயோத்திதாசர் இராயப்பேட்டையிலிருந்து தொடங்கிய வார இதழின் பெயரே 'ஒரு பைசாத் தமிழன்'. விலையும் அதுதான். காசில்லாதவர் கைக்கும் போகட்டும் என்ற கணக்கு அது.

நாமோ துண்டறிக்கையை ஸ்கேன் செய்து, பிடிஎஃப் ஆக்கி வாட்ஸ்அப்பில் அனுப்புகிறோம். அது எழுத்து அல்ல, எழுத்தின் போட்டோ. பார்வையற்ற தோழர் திறந்தால் அவருடைய திரைவாசிப்பானுக்கு அதில் வாசிக்க ஒரு சொல்கூட இருக்காது. 'சாதி' என்று தேடினாலும் அகப்படாது. பாமினியில் அடித்த வேர்டு கோப்பு இன்னும் மோசம். அந்த எழுத்துரு இல்லாத போனில் வெறும் ஆங்கிலக் கிறுக்கல். தமிழக அரசே 2010இல் யூனிகோடுக்கு வந்துவிட்டது. நம் டிடிபி பழக்கம்தான் இன்னும் விடவில்லை.

பழைய இதழ்களுக்கு ஸ்கேன் வேண்டும்தான், மூலத்துக்கு அதுவே சான்று. ஆய்வாளனாக எனக்கு அது இல்லாமல் ஆகாது. (அதைப் பார்த்துப் பெயர்த்தெழுதியே என் முதுகு போனது வேறு கதை.) ஆனால் பக்கத்திலேயே யூனிகோடில் தட்டச்சு செய்த பிரதியையும் வையுங்கள். புதிதாக எழுதுவதை இணையப் பக்கமாகவோ இபப்பாகவோ கொடுங்கள்; சின்ன போனிலும் எழுத்தைப் பெரிதாக்கிப் படிக்கலாம். பிடிஎஃப் அச்சுக்கு இருக்கட்டும்.

அடுத்த கூட்டத்தின் அழைப்பிதழிலேயே தொடங்கலாம். படத்துக்குக் கீழே நாள், நேரம், இடம் மூன்றையும் தட்டச்சு செய்து அனுப்புங்கள்.