ஒற்றியூரிலிருந்து மார்கழி அரங்கிற்கு



மார்கழி இசைவிழாவிற்கு முதன்முறையாகச் செல்ல எண்ணும் வடசென்னைக் கவிஞரைத் தடுப்பது தொலைவன்று, தயக்கமே. அவ்வரங்கு பிறர்க்குரியது என்னும் எண்ணம் திருவொற்றியூரார்க்கு எவ்வகையிலும் பொருந்தாது. தம் மாணாக்கர் வீணை குப்பையரின் அழைப்பை ஏற்று இவ்வூர் வந்த தியாகராசர், வடிவுடையம்மன் மீது இயற்றிய ஐந்து கிருதிகளே திருவொற்றியூர்ப் பஞ்சரத்தினம். அவர் மறைந்தது 1847இல். மியூசிக் அகாதெமி தோன்றியதோ 1928இல்! மூத்த உரிமை எவருடையது?

இனிப் பயணம். 2021 பிப்ரவரியில் மெட்ரோ இரயில் விம்கோ நகர் வரை நீண்டது. அங்கே ஏறினால் வண்டி மாறாமல் தேனாம்பேட்டையில் இறங்கலாம். புகழ்பெற்றோரின் மாலைக் கச்சேரிக்குச் சீட்டு வாங்கித்தான் தொடங்க வேண்டும் என்பதில்லை. பல சபாக்களில் இளங்கலைஞர்களின் பகல் கச்சேரிகளுக்குக் கட்டணம் கிடையாது. முன்வரிசையிலும் இடம் இருக்கும். ஒரே நாளில் மூன்று அரங்குகளுக்கு ஓடுவது கேள்வியன்று, வருகைப்பதிவு. சபா சிற்றுண்டிச்சாலைக்கும் சற்று நேரம் ஒதுக்கலாம். அங்கு எழும் விமரிசனம் சிலவேளை கச்சேரியினும் சுவையானது. மிருதங்கத்தின் தனியாவர்த்தனம் தொடங்கியதும் எழுந்து செல்லும் வழக்கமொன்று அங்குண்டு. அதனை மட்டும் கற்க வேண்டா. உழைக்கும் கைகளை அறிந்த ஊரார்க்கு அது அழகன்று.

புறப்படுமுன் கேட்க வேண்டியது ஒன்றுண்டு: கபேர் வாசுகி எழுத, டி.எம். கிருஷ்ணா 2017இல் பாடிய 'சென்னைப் புறம்போக்குப் பாடல்'. சென்னைப் பேச்சுத்தமிழ், இராகமாலிகை. பாடுபொருள் எண்ணூர்க் கழிமுகம்.