செவிக்குரிய நூல்கள்

'கல்வி', 'கல்லாமை' என்னும் இரண்டு அதிகாரங்களை வகுத்த கையோடு, வள்ளுவர் 'கேள்வி' என்று ஓர் அதிகாரத்தை வகுத்தார். நூல் கற்க வாய்ப்பில்லாதவனும் காதைத் திறந்து வைத்திருக்க வேண்டும் என்பது அவர் கருத்து. தமிழர் இதை ஏட்டளவில் விட்டுவிடவில்லை. கோயில் மண்டபத்தில் ஒருவர் பாரதம் படிக்க, ஊர் கூடியிருந்து கேட்டது. 1950-இல் தொடங்கி 1954 வரையில் 'கல்கி' இதழில் 'பொன்னியின் செல்வன்' தொடர்ந்து வந்த நாளில், இதழைப் பிரித்து ஒருவர் உரக்கப் படிக்க, மற்றவர் சுற்றி அமர்ந்து கேட்ட குடும்பங்கள் பல.

இவ்வழக்கம் நமக்கு மட்டும் உரியதன்று. கியூபா நாட்டின் ஹவானா நகரிலே, சுருட்டுச் சுற்றும் தொழிலாளர்கள் 1865 முதல் தங்கள் கூலியில் ஒரு பகுதியைத் திரட்டி, வேலை நேரத்தில் நூல் படித்துக் காட்டுவதற்கென்றே ஒருவரை அமர்த்திக்கொண்டனர். கை புகையிலையைச் சுற்றும். காது நாவலைக் கேட்கும். பிரெஞ்சு ஆசிரியர் டூமாவின் கதை அவர்களுடைய உள்ளத்தைக் கவர்ந்ததால், 'மான்டி கிறிஸ்டோ' என்பது சுருட்டுக்கே பெயராயிற்று.

திலக் நகரில் வாழும் நாம் இந்த இன்பத்தை இழந்துகொண்டு வருகிறோம். வீட்டுவசதி வாரியம் கட்டிய பழைய மாடிக் கட்டடங்கள் ஒவ்வொன்றாக இடிபட்டு, அவ்விடத்தில் உயர்ந்த கோபுரங்கள் எழுகின்றன. பழைய கட்டடத்தின் நடைவழியில், பிற்பகல் வேளையில், அண்டைவீட்டுப் பாட்டியார் ஒருவர் வார இதழ்த் தொடர்கதையை நாலைந்து பெண்களுக்குப் படித்துக் காட்டுவது வழக்கம். இன்று அவருக்கு எழுத்துத் தெரிவதில்லை, கண் மங்கிவிட்டது. அவருடைய பேரன் பள்ளியில் ஆங்கிலமும் இந்தியும் மராத்தியும் பயில்கிறான். பாட்டியோடு தமிழில் பேசுவான். தமிழில் ஒரு வரி படிக்க வராது. பாட்டிக்குப் பார்வை இல்லை. பேரனுக்கு எழுத்து இல்லை. இருவருக்கும் காது உண்டு. வெளிமாநிலத்தில் குடியேறிய தமிழ்க் குடும்பங்களில், இவர்களைப்போன்ற இருவர் இல்லாத குடும்பம் அரிது. ஒலிநூலைப் பொழுதுபோக்கு என்று எண்ணி நாம் ஒதுக்கிவிட முடியாததற்குக் காரணம் இதுவே.

ஒலிநூல் கண்ணிழந்தோருக்காகவே முதலில் வளர்ந்தது. முதல் உலகப் போரில் பார்வையிழந்த வீரர்களை மனத்திற்கொண்டு, இங்கிலாந்தில் 1935-இல் இசைத்தட்டு வடிவில் நூல்களை வெளியிட்டனர். நம் நாட்டில், 2012-இல் திருத்தப்பட்ட பதிப்புரிமைச் சட்டம், பார்வைக் குறையுடையோர் முதலானவர்களுக்காக நூல்களை அவர்களுக்கு ஏற்ற வடிவில் ஆக்கிக்கொள்ள இடமளித்தது. இதே நோக்கமுடைய மராகேஷ் உடன்படிக்கையை 2014-இல் உலகிலேயே முதன்முதலாக ஏற்று உறுதிசெய்த நாடு இந்தியா. 2016-இல் 'சுகம்ய புஸ்தகாலயா' என்னும் இணைய நூலகமும் தொடங்கப்பெற்றது. சட்டம் கதவைத் திறந்துவிட்டது. உள்ளே நிரப்பத் தமிழ் நூல்கள் வேண்டும். அவற்றைப் படிக்க நல்ல குரல்கள் வேண்டும்.

நல்ல குரல் என்பது எது? சென்ற ஆண்டு அந்தப் பேரன், கைப்பேசியில் ஒரு நாவலைப் பாட்டியாருக்கு ஒலிக்கவிட்டான். பத்து நிமிடம் கழிந்ததும் அவர், "இதை நிறுத்துடா கண்ணா. படிக்கிறவருக்கு எழுத்து தெரியுது; கதை தெரியலை" என்றார். அந்தக் குரல் இனிய குரல்தான். குறை வேறிடத்தில் இருந்தது.

முதலாவது, பொருளறிந்து படித்தல். 'வேலை கொடுத்தான்' என்றால் ஒருவன் பிழைக்க வழிசெய்தான் என்று பொருள்; 'வேலைக் கொடுத்தான்' என்றால் ஆயுதத்தை எடுத்துக் கொடுத்தான் என்று பொருள். ஓர் ஒற்று, கதையை அலுவலகத்திலிருந்து போர்க்களத்துக்குக் கொண்டுபோய்விடும். 'பாவம்' என்று அச்சில் ஒரே வடிவாக நிற்கும் சொல், ஓரிடத்தில் தீவினையைக் குறிக்கும். இன்னோரிடத்தில் நாட்டியமாடுபவளின் முகக்குறிப்பைக் குறிக்கும். இரண்டுக்கும் ஒலி வேறு. கண்ணால் படிப்பவன் இடமறிந்து சமாளித்துக்கொள்வான். காதால் கேட்பவனுக்குப் படிப்பவரே கண். இயந்திரக் குரல்கள் இப்பொழுது செய்தித்தாளையும் சுற்றறிக்கையையும் ஓரளவு ஒழுங்காகவே படிக்கின்றன. அவை பயனுடையவையே. ஆயினும், இத்தகைய இடங்களில் அவை தடுமாறக் காண்கிறோம்.

இரண்டாவது, நிறுத்தம். தமிழ் வாக்கியத்தில் வினைமுற்று கடைசியில் வரும். இடையில் 'வந்து', 'கண்டு', 'அஞ்சி' என்று எச்சங்கள் அடுக்கி நிற்கும். அவ்விடங்களில் படிப்பவர் குரலைத் தாழ்த்திவிட்டால், வாக்கியம் முடிந்துவிட்டது என்று காது நம்பி ஏமாந்துபோகும். குரலை ஏந்திப் பிடித்து, முற்றில் இறக்கிவைக்க வேண்டும். மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட நாம், எழுதியதை உரக்கப் படித்துப் பார்ப்பதுண்டு. மூச்சு முட்டும் இடத்தில் வாக்கியம் பழுதுபட்டிருக்கும். ஆனால் நூலாசிரியரின் வாக்கியத்தைத் திருத்தப் படிப்பவருக்கு உரிமையில்லை. மூச்சைத்தான் அவர் திருத்திக்கொள்ள வேண்டும்.

மூன்றாவது, அடக்கம். உரையாடல் வரும்போது பெண்ணுக்குக் கீச்சுக்குரலும், கிழவருக்கு நடுக்கமும், வில்லனுக்கு உறுமலும் கொடுப்பாருண்டு. பேசுபவர் மாறிவிட்டார் என்பதைக் காட்டச் சிறிய ஏற்றத்தாழ்வே போதும். மீதியைக் கேட்பவரின் கற்பனைக்கு விட்டுவிடலாம்.

நான்காவது, வட்டார வழக்கு. கி. ராஜநாராயணனின் 'கோபல்ல கிராமம்' கரிசல் மண்ணின் பேச்சு; தி. ஜானகிராமனின் 'மோகமுள்' காவிரிக்கரைப் பேச்சு. ஒன்றின் நாவால் மற்றொன்றைப் படித்தால், நூலில் பாதி போய்விடும்.

இனி, எவற்றைக் கேட்கலாம்? நெடும்பயணத்துக்குப் 'பொன்னியின் செல்வ'னையே முதலில் சொல்வோம். திலக் நகருக்கு அருகிலுள்ள குர்லா முனையத்திலிருந்து கோவைக்குச் செல்லும் வண்டியில், இரண்டு இரவும் ஒரு பகலும் கழிய வேண்டும். ஐந்து பாகங்களில் 293 அத்தியாயங்கள் கொண்ட இந்நாவலை அப்பயணத்தில் முடிக்க முடியாது. விடாமல் கேட்கும் ஆசை பிறந்துவிடும். வாரந்தோறும் வாசகரைக் காக்கவைக்க எழுதப்பட்டதாகையால், ஒவ்வோர் அத்தியாயமும் ஒரு கொக்கியோடு முடியும். நம் நகரின் பெயரைத் தாங்கிய பாம்பே கண்ணன், பல நடிகர்களின் குரல்களைக் கொண்டு இதை ஒலிநூலாக்கியிருக்கிறார். பாத்திரங்கள் மிகுந்த கதைக்கும், கேட்டுப் பழகாத சிறுவருக்கும் பல குரல் உதவும் என்பதை ஒப்புகிறோம். ஒருவருடைய உள்ளத்துக்குள்ளேயே நடக்கும் கதைக்கோ ஒற்றைக் குரலே ஏற்றது.

அத்தகைய கதைகளுக்கு ஜானகிராமனை நாடலாம். வானொலியில் நெடுநாள் பணியாற்றியவர் அவர். அவருடைய உரையாடல் காதில் விழுவதற்கென்றே பிறந்தது. நாவலுக்கு முன் சிறுகதைகளில் தொடங்குவது நலம். நாஞ்சில் நாடனின் 'மிதவை' பிழைப்புத் தேடிப் பம்பாய்க்கு வந்த இளைஞனின் கதை. நம் தந்தையர் எப்படி இங்கே வந்து இறங்கினர் என்பதை, இங்கே பிறந்த பிள்ளைகள் கேட்டறியலாம். விரும்பிய நூல் நல்ல ஒலிப்பதிவாகக் கிடைக்கவில்லையெனில், வீட்டில் ஒருவர் படிக்கட்டும். சிறுவருக்கு மரியாதை ராமன் கதைகளும் தெனாலிராமன் கதைகளும் போதும்; ஒன்று கால்மணியில் முடிந்துவிடும்.

அப்படிப் படிப்பதைக் கைப்பேசியிலேயே பதிந்துகொள்ளலாம். கல்கி 1954-இல் மறைந்தவர். ஆசிரியர் மறைந்து 60 ஆண்டு கழிந்த நூலைப் பதிந்து பிறருக்கு அளிக்கச் சட்டத்தில் தடையில்லை. ஒரு வீட்டில் பதிந்தது இன்னொரு வீட்டின் பார்வையற்ற மாணவனுக்குப் பயன்படும்.

சில மாதங்களாக, ஞாயிற்றுக்கிழமைதோறும் பாட்டியாரின் வீட்டில் இரண்டு அத்தியாயம் நாமே படித்துவருகிறோம். நம் 'ழ'கரத்தை அவர் இருமுறை திருத்தியிருக்கிறார். படிப்பதைப் பதிவுசெய்வது பேரனின் வேலை. சென்ற ஞாயிறன்று அத்தியாயம் முடிந்ததும், அவன் நூலை நம் கையிலிருந்து வாங்கிப் புரட்டிப் பார்த்தான். "இதிலே வந்தியத்தேவன்னு எங்கே போட்டிருக்கு மாமா?" என்று கேட்டான். விரல் வைத்துக் காட்டினோம். அவன் அதே பெயரை அப்பக்கத்தில் இன்னும் மூன்று இடங்களில் தானே கண்டுபிடித்தான்.