தேடினால் கிடைக்க வேண்டும்



1893இல் இரட்டைமலை சீனிவாசன் 'பறையன்' இதழைத் தொடங்கினார். 1907இல் அயோத்திதாசப் பண்டிதர் 'ஒரு பைசாத் தமிழன்' இதழைத் தொடங்கினார். மறு ஆண்டே அது 'தமிழன்' ஆனது. நமக்கு அச்சு வரலாறு உண்டு என்பதை ஆனாலும் ஒவ்வொரு தலைமுறையும் புதிதாக நிரூபிக்க வேண்டியிருக்கிறது.

இன்று நூலகங்களும் ஆவணக் காப்பகங்களும் தம் பட்டியல்களைப் பொதுத் தேடுதளங்களில் இணைக்கின்றன. வரவேற்கிறோம். ஆனால் இணைப்பு மட்டுமே சமத்துவம் ஆகிவிடாது. அயோத்திதாசர், அயோத்தி தாஸ், அயோத்திதாஸ பண்டிதர் என ஒருவரே தனித்தனிப் பெயர்களாகப் பதிவானால், ஒன்றைத் தேடும் மாணவருக்கு மற்றவை வராது. 'முடிவுகள் இல்லை' என்று திரை சொல்லும். ஆய்வேடும் அதையே எழுதும்.

பொருள் தலைப்பு அடுத்த சிக்கல். 'தமிழன்' இதழைச் 'சாதி' என்பதில் மட்டும் அடைத்தால், பௌத்தம், சித்த மருத்துவம், இதழியல் தேடுவோர் கண்ணில் அது படாது. பட்டியலுக்குள்ளும் ஒரு சேரி.

நூலகங்களிடம் நாம் கேட்பவை மூன்று. பெயரின் எல்லா வடிவங்களையும் ஒரே பதிவில் சேருங்கள். இதழ்களைக் கட்டுரைவாரியாக அட்டவணைப்படுத்துங்கள். பொருள் தலைப்பு முடிவாகும் இடத்தில் தலித் ஆய்வாளர்களும் இருக்கட்டும்.

நமக்கும் வேலை இருக்கிறது. தேடிக் கிடைக்காத பெயரை நூலகருக்கு எழுதிக் கொடுப்போம். வீட்டுப் பரணில் கிடக்கும் துண்டறிக்கை, மாநாட்டு மலர் எதுவானாலும் ஆண்டு, ஊர், அச்சகப் பெயரைக் குறித்து ஒரு படியை நூலகத்தில் சேர்ப்போம்.