வயிற்றுப்புண்ணும் நம் வீட்டுப் பழக்கமும்

புனே நகரின் ராஸ்தா பேட்டையில் தமிழர் இருவர் சந்தித்தால், ஊர்ச் செய்தி முடிந்ததும் வயிற்றெரிச்சலைப் பற்றிய பேச்சு வந்துவிடும். இவ்வூர் மிசலின் காரமே காரணம் என்பார் ஒருவர். வேளை தவறி உண்பதே காரணம் என்பார் மற்றவர். நாமும் அவ்வாறே எண்ணி, மோரை நம்பிப் பல ஆண்டுகள் கழித்தோம். காரம் எரிச்சலை மிகுவிக்கலாம். ஆனால் புண்ணைத் தோற்றுவிப்பது அதுவன்று.

1982-ஆம் ஆண்டில் ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் ராபின் வாரன், பாரி மார்ஷல் என்னும் மருத்துவர் இருவர், நோயாளிகளின் இரைப்பையில் வாழும் சுருள் வடிவக் கிருமியொன்றைத் தனியே வளர்த்துக் காட்டினர். அமிலத்தில் கிருமி வாழுமா என்று பலர் ஐயுற்றனர். 1984-இல் மார்ஷல் அக்கிருமியைத் தாமே அருந்தி, இரைப்பை அழற்சிக்கு ஆளாகி, தம் கருத்துக்கு வலுவூட்டினார். 2005-இல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. ஹெலிகோபேக்டர் பைலோரி என்பது அக்கிருமியின் பெயர்.

இது யாரைப் பற்றுகிறது? பெரும்பாலும் இளமையிலேயே, வீட்டாரிடமிருந்தே தொற்றுகிறது. ஓர் அறையில் பலர் நெருங்கி வாழ்தல், ஒரே படுக்கையில் பலர் உறங்குதல், தூய்மையற்ற குடிநீர், கழிப்பிட வசதிக் குறைவு ஆகியவை இதற்கு வழி திறக்கின்றன. கிருமி உடையோர் அனைவர்க்கும் புண் வருவதில்லை. புகைப்பழக்கமும், ஆஸ்பிரின் போன்ற வலி மாத்திரைகளை ஓயாது விழுங்குவதும் கிருமியோடு சேரும்போது ஆபத்து பெருகுகிறது.

நம் தந்தையார் பிழைப்பை நாடி இந்நகருக்கு வந்தவர். ஒண்டுக்குடித்தன அறையொன்றில் எழுவர் வாழ்ந்தோம். ஒரே குவளையில் நீர் பருகினோம். அவர் வயிற்றுப்புண் உடைந்து அறுவைச் சிகிச்சைக்கு ஆளானார். பின்னாளில் நமக்கும் அதே நோய் வந்தது. பரிசோதனையில் கிருமி இருப்பது தெரிந்தது. பதினான்கு நாட்களுக்கு மாத்திரைகள் தரப்பட்டன. வலி தணிந்ததும் ஐந்தாம் நாளே அவற்றை நிறுத்தினோம். அறியாமையன்று, அலட்சியமே. இரண்டு திங்கள் கழித்து மலம் கருநிறமாயிற்று. அலுவலகப் படிக்கட்டிலேயே மயங்கி வீழ்ந்தோம். உள்ளே குருதி கசிந்திருந்தது.

ஆதலின் நேயர்களுக்கு நாம் கூறுவது இதுவே. புண் உண்டென மருத்துவர் கூறினால், கிருமிக்கான பரிசோதனை வேண்டுமா என்று கேளுங்கள். கிருமிக்கொல்லி மருந்தைக் குறித்த நாள் வரை தவறாது உண்ணுங்கள். பாதியில் நிறுத்தினால், எஞ்சிய கிருமி அம்மருந்துக்கு அடங்க மறுக்கக்கூடும். மருந்து முடிந்து குறைந்தது நான்கு வாரங்கள் கழித்து, கிருமி ஒழிந்ததா என மறுபடியும் சோதித்தல் வேண்டும். கருநிற மலமோ குருதி வாந்தியோ கண்டால் ஒரு கணமும் தாமதியாது மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

இரண்டாம் முறை நாம் ஒரு வேளையும் தவறவில்லை, கிருமி ஒழிந்தது. இன்று நம் வீட்டில் நீர் காய்ச்சி வடிகட்டப்படுகிறது. குழந்தைகள் கை கழுவிய பின்னரே இலையில் அமர்கின்றனர். தந்தையார் காலத்தில் எவரும் அறிந்திராத ஒன்றை நாம் அறிந்திருக்கிறோம். அறிந்தும் வாளாவிருத்தல் தகாது.