புதுசு வேற, அசல் வேற: ஃபைன் டைனிங்ல நாம எதைத் தேடுறோம்?

இந்த எபிசோட் முழுக்க சாப்பாடுதான். அதுவும் நம்ம சம்பளத்துல ஒரு பெரிய துண்டைக் கடிச்சிட்டுப் போற ஃபைன் டைனிங் சாப்பாடு.

முதல்ல ஒரு கேள்வி. சோக்கோ லாவா கேக் எங்கேருந்து வந்துச்சு? டாமினோஸ்ல பீட்சாவோட சேர்த்து ஆர்டர் பண்ணுவோமே, ஸ்பூனால குத்தினா சூடா சாக்லேட் வழியுமே, அதேதான்.

பிரான்ஸோட தெற்குல ஓப்ராக்னு ஒரு மேட்டு நிலம். மாடு மேய்க்கிற, பனி கொட்டுற ஊர்ப் பக்கம். அங்க லயோல்னு ஒரு சின்ன ஊர், மடக்குக் கத்திக்கும் சீஸுக்கும் பேர் போனது. அந்த ஊர்ல சமைச்சவர் மிஷேல் ப்ராஸ். ஒரு நாள் குடும்பத்தோட பனியில சறுக்கி விளையாடிட்டு, குளிர்ல நடுங்கிக்கிட்டு வீட்டுக்கு வந்து எல்லாரும் சூடா சாக்லேட் குடிச்சிருக்காங்க. அந்த நிமிஷத்தை ஒரு தட்டுல கொண்டு வரணும்னு அவருக்கு ஆசை. சுமார் ரெண்டு வருஷம் முயற்சி பண்ணி 1981-ல கொண்டு வந்தார். உறைய வெச்ச சாக்லேட் கனாஷை மாவுக்கு நடுவுல வெச்சு பேக் பண்ணணும். வெளிய கேக் வேகும், உள்ள உறைஞ்சது உருகும். கேக்குக்குள்ள ஒரு டைமிங் கணக்கே ஓடுது.

அதுக்கப்புறம் 1987-ல நியூயார்க்ல ஷான் ஜார்ஜ் வோங்கரிஷ்டன், கேக்கை முழுசா வேகறதுக்கு முன்னாடியே அடுப்பிலேருந்து எடுத்துட்டதாகவும், அப்படித்தான் தன்னோட லாவா கேக் பிறந்துச்சுன்னும் சொல்றார். உலகம் பூரா பரவினது இந்த ஈஸி வெர்ஷன்தான். உறைய வைக்கிற வேலை இல்ல, சீக்கிரம் எடுத்தா போதும். இன்னைக்கு அது நம்ம டெலிவரி பையில வருது. நல்லாவும் இருக்கு, நான் குறை சொல்லல. ஆனா அதைச் சாப்பிடுறப்போ யாருக்காவது பனியும் குளிரும் ஞாபகத்துக்கு வருதா?

இதே ப்ராஸோட இன்னொரு டிஷ் கார்கூயூ. பேரு அந்தப் பக்கத்து உருளைக்கிழங்கு, ஹாம் போட்ட பழைய கிராமத்துச் சாப்பாட்டோடது. அவர் அதுல காய், இலை, பூ, விதைன்னு பல டஜன் ஐட்டங்களைச் சேர்த்தார். ஒவ்வொரு காயையும் தனித்தனியா வேக வெக்கணும். அவர் ஓட்டப் பயிற்சி போறவர். ஜூன் மாசம் பூத்துக் கிடக்குற புல்வெளியில ஓடினப்போ தோணின ஐடியா அது. அந்தந்த நாள் தோட்டத்துல என்ன இருக்கோ அதை வெச்சு தட்டு மாறிக்கிட்டே இருக்கும். இப்போ உங்க ஃபீடைத் திறந்து பாருங்க. எந்த நாட்டு ரெஸ்டாரண்டா இருந்தாலும் தட்டு மேல சின்னப் பூ, சின்ன இலை, இடுக்கியால எடுத்து வெச்ச மாதிரி அலங்காரம். அந்தத் தோற்றத்தோட தாத்தா இதுதான். ஆனா அந்தப் பூ எங்கேருந்து வந்துச்சுன்னு கேட்டா, பல இடத்துல பதில் ஒரு பிளாஸ்டிக் டப்பா.

நம்ம தமிழ்ல ரெண்டு வார்த்தை இருக்கு: புதுசு, அசல். ஒரிஜினல் சாப்பாடு வேணும்னு தேடிப் போற நாம பெரும்பாலும் புதுசைத்தான் தேடுறோம். பிரச்சினை என்னன்னா, புதுசு ரொம்ப வேகமா காப்பி ஆகிடும். ஸ்பெயின்ல ஃபெரான் அட்ரியாவோட எல் புல்லி இதுக்கு நல்ல உதாரணம். கடல்பாசியிலேருந்து எடுக்கிற ஆல்ஜினேட், அதோட கால்சியம், இந்த ரெண்டையும் வெச்சு திரவத்தை மெல்லிசான தோலுக்குள்ள அடைச்சாங்க. 2005-ல வந்த திரவ ஆலிவ் பார்க்க ஆலிவ்தான், வாயில வெச்சா உடைஞ்சு ஆலிவ் சாறு. அட்ரியா டெக்னிக்கை ஒளிச்சு வெக்கல, புத்தகம் புத்தகமா போட்டுக் கொடுத்தார். கிட்டத்தட்ட ஓப்பன் சோர்ஸ். நம்மாளுங்களுக்குத் தெரியும், ஓப்பன் சோர்ஸ் லைப்ரரியை இம்போர்ட் பண்றது தப்பே இல்ல. ஆனா அதை மட்டும் இம்போர்ட் பண்ணிட்டு "இது என் ப்ராடக்ட்"னு டெமோ கொடுத்தா எப்படி?

2006-ல மெல்போர்ன்ல ஒரு ரெஸ்டாரண்ட் இதையும் தாண்டிடுச்சு. சிகாகோவோட அலினியா, நியூயார்க்கோட டபிள்யூடி-50, இந்த இடங்களோட டிஷ்களை ப்ளேட்டிங் உட்பட அப்படியே போட்டு மாட்டிக்கிட்டாங்க. பெரிய சண்டை ஆச்சு. ஆனா ரெசிபிக்குப் பெரும்பாலும் காப்பிரைட் பாதுகாப்பு கிடையாது. மானம் போகும், அவ்வளவுதான்.

சமீபத்துல ஃப்ரெண்ட்ஸோட ஒரு டேஸ்டிங் மெனுவுக்குப் போனேன். பேர் வேண்டாம். உருண்டையா ஒரு ரசம், ஒரு ஃபோம், ட்ரை ஐஸ் புகை. வீடியோ சூப்பரா வந்துச்சு. ரெண்டு நாள் கழிச்சு என்ன சாப்பிட்டோம்னு யோசிச்சா புகை மட்டும்தான் ஞாபகம் இருக்கு. டெக்னிக் மேல எனக்குக் கோபம் இல்ல. அந்த ரசம் எந்த வீட்டு ரசம்னு தட்டு சொல்லவே இல்ல, அதுதான் கடுப்பு.

இதுக்கு நேர் எதிர்ல நியூயார்க்ல செம்மா இருக்கு. 2021-ல திறந்த இடம். செஃப் விஜய் குமார், நத்தம் பக்கத்துக்காரர். அங்க பேர் வாங்கின டிஷ் நத்தை பிரட்டல். சின்ன வயசுல வயக்காட்டுல பொறுக்கின நத்தையைத்தான் வீட்டுல சமைச்சுச் சாப்பிட்டிருக்கார். அப்போ அதை வெளிய சொல்லவே வெட்கமா இருந்துச்சுன்னு பேட்டியில சொல்லியிருக்கார். அதே நத்தை பிரெஞ்சுக்காரன் தட்டுல எஸ்கார்கோன்னு வந்தா விலை வேற, மரியாதை வேற. 2022-ல செம்மாவுக்கு மிஷ்லன் ஸ்டார். 2025-ல அவருக்கு நியூயார்க் மாநிலத்தோட சிறந்த செஃப்னு ஜேம்ஸ் பியர்ட் விருது.

நத்தை பிரட்டல்ல புதுசுன்னு ஒண்ணுமே இல்ல, ஊர்ல காலங்காலமா இருக்கிறதுதான். ஆனா அசல். வேற செஃப் யாரும் இதை மெனுவுல போட்டிருக்க மாட்டாங்க, ஏன்னா நத்தை பொறுக்கின வயல் அவங்ககிட்ட இல்ல.

ப்ராஸ் குடும்பத்துக்கே திரும்ப வரேன். 1999-லேருந்து மூணு ஸ்டார் வெச்சிருந்த இடம். 2017-ல மகன் செபஸ்தியான், எங்களை கைடுலேருந்து எடுத்துடுங்கன்னு மிஷ்லன்கிட்ட கேட்டார். ஒவ்வொரு தட்டையும் இன்ஸ்பெக்டர் வந்திருப்பாரோன்னு நினைச்சு அனுப்புற டென்ஷன் வேண்டாம்னார். 2018 கைடுல பேர் இல்ல. 2019-ல அவங்க கேட்காமலே ரெண்டு ஸ்டாரோட திரும்பச் சேர்த்துட்டாங்க. எனக்கு இது சிரிப்பாவும் இருக்கு, கொஞ்சம் பயமாவும் இருக்கு. எல்லா செஃபும் ஒரே லிஸ்ட்டுக்காகச் சமைச்சா எல்லாத் தட்டும் ஒண்ணு போலத்தானே ஆகும்?

அதனால இப்போ புக் பண்றதுக்கு முன்னாடி ரிவ்யூவுல ஃபோட்டோ பார்க்கிறதைக் குறைச்சிட்டேன். மெனுவைத்தான் படிக்கிறேன். ஊர் பேரு, மீன் பேரு, சீசன் பேரு இருக்கான்னு பார்க்கிறேன். அங்க போனா, பரிமாறுறவங்ககிட்ட "இந்த டிஷ் செஃபுக்கு எங்கேருந்து வந்துச்சு அண்ணா?"ன்னு கேட்கிறேன். சில இடத்துல "செஃப்ஸ் ஸ்பெஷல் சார்"னு முடிச்சிடுவாங்க. சில இடத்துல அந்த ஒரு கேள்விக்கே செஃப் உள்ளேருந்து எழுந்து வந்துடுவார், பத்து நிமிஷம் நிறுத்த மாட்டார்.

உங்களுக்கு அப்படி மறக்காம நின்ன ஒரு தட்டு இருந்தா வாய்ஸ் நோட்டா அனுப்புங்க. விலை சொல்ல வேண்டாம், என்ன சாப்பிட்டீங்கன்னு மட்டும் சொல்லுங்க. அடுத்த எபிசோட்ல சேர்த்துப் போடுறேன்.